எலியின் விலாவில் அம்பு விஷம்

கென்யா நாட்டின் நடுவில் லைக்கிபியா என்றொரு மேட்டுநிலம் இருக்கிறது. பூமத்திய ரேகை அதன் வழியாகத்தான் ஓடுகிறது. மழை இல்லாத மாதங்களில் அங்கே பல மரங்கள் இலையை உதிர்த்துவிட்டு வெறும் கிளைகளோடு நிற்கும். புல் காய்ந்து சருகாகிவிடும். ஆடும் மாடும் ஒட்டகமும் ஒருபக்கம், யானையும் வரிக்குதிரையும் மறுபக்கம் என்று எல்லாமே பச்சைக்கு அலையும். அந்தக் காய்ந்த காட்டுக்குள் ஒரு புதர்ச்செடி மட்டும் எந்தக் கவலையும் இல்லாமல் கரும்பச்சை இலைகளோடு பளபளவென்று நிற்கும். பசித்த ஆடுகூட அதன் பக்கம் போகாது.

அந்தச் செடியின் பெயர் அகோகாந்தெரா ஷிம்பெரி. எத்தியோப்பியாவிலேயே பல ஆண்டுகள் தங்கிச் செடிகொடிகளைச் சேகரித்த வில்ஹெல்ம் ஷிம்பர் என்ற ஜெர்மானியரின் பெயரைத்தான் அது வாலில் சுமந்துகொண்டிருக்கிறது. பெயர் நீளம். நாம் வசதிக்காக அம்புச்செடி என்று வைத்துக்கொள்வோம். ஏன் அம்பு என்று கொஞ்ச நேரத்தில் தெரிந்துவிடும்.

எரித்ரியா, எத்தியோப்பியா, சோமாலியா தொடங்கி கென்யா, உகாண்டா, தான்சானியா வரைக்கும் வறண்ட காடுகளிலும் பாறைச் சரிவுகளிலும் இது வளரும். கடல் தாண்டி ஏமன் நாட்டிலும் உண்டு. சில இடங்களில் புதராகவே நின்றுவிடும். சில இடங்களில் சின்ன மரமாக உயரும். இலை தடிப்பாக, தோல் மாதிரி விறைப்பாக இருக்கும். கிளையில் இலைகள் எதிரெதிராக இணைஇணையாக முளைக்கும். பூ வெள்ளை, அதில் லேசான இளஞ்சிவப்பு ஓடும், நல்ல மணம். காய் பச்சையாகத் தொடங்கி, சிவந்து, கடைசியில் கரும் ஊதாப் பழமாகும். இலையையோ கிளையையோ ஒடித்தால் பால் வரும்.

பால் என்றதும் உங்களுக்கு ஏதாவது ஞாபகம் வருகிறதா? நம் ஊர் அரளியை ஒடித்தாலும் பால் வரும். எருக்கை ஒடித்தாலும் வரும். மூன்றும் ஒரே குடும்பம். தாவரவியலில் அபோசைனேசியே என்று சொல்வார்கள். இந்தக் குடும்பத்தில் பூவுக்காக வீட்டில் வளர்க்கும் செடிகளும் உண்டு, ஆளைக் கொல்லும் செடிகளும் உண்டு. சில செடிகள் இரண்டும்தான்.

சரி, மற்ற மரங்கள் இலை உதிர்க்கும்போது இது மட்டும் ஏன் பச்சையாக நிற்கிறது?

இலையில் கண்ணுக்குத் தெரியாத துளைகள் ஏராளமாக இருக்கின்றன. அவற்றின் வழியாகத்தான் காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடு உள்ளே வரும். அதே துளைகள் வழியாகத்தான் செடியின் தண்ணீர் ஆவியாகி வெளியே போகும். ஒன்றைத் திறந்து வைத்து இன்னொன்றை மூட முடியாது. வறட்சி வந்ததும் பல மரங்கள் இலையே வேண்டாம் என்று உதிர்த்துவிடுவது இதனால்தான். மழை வந்ததும் புதிதாக மெல்லிய இலைகளை விட்டுக்கொள்ளலாம். மெல்லிய இலை செய்ய அதிகச் செலவில்லை.

அம்புச்செடியின் கணக்கு வேறு. அது தடித்த இலை செய்கிறது. அதன் மேல் மெழுகுப் பூச்சு பூசித் தண்ணீர் வீணாவதைக் குறைக்கிறது. இப்படி ஒரு இலையைச் செய்ய நிறையப் பொருள் வேண்டும், நாளும் ஆகும். அவ்வளவு செலவு செய்து செய்த இலை ஒரு பருவத்தோடு போய்விட்டால் நஷ்டம். அது நீண்ட காலம் உழைத்தால்தான் செடிக்குக் கட்டுப்படியாகும்.

இங்கேதான் சிக்கல். காடே காய்ந்து கிடக்கும்போது பச்சையாக நிற்பது என்பது, பசியோடு அலையும் அத்தனை விலங்குகளையும் சாப்பிடக் கூப்பிடுவதுதான். செடியால் ஓட முடியாது. அதே லைக்கிபியாவில் இருக்கும் சீழ்க்கை வேலமரம் முள்ளை நம்புகிறது. முள் போதாதென்று, தன் கிளைகளில் வீங்கிய முள்ளறைகளைச் செய்து அவற்றில் எறும்புகளைக் குடிவைத்திருக்கிறது. யானை தும்பிக்கையை நீட்டினால் எறும்புப் படை உள்ளே புகுந்து கடிக்கும். அம்புச்செடியிடம் முள்ளும் இல்லை, எறும்பும் இல்லை. அது விஷத்தை நம்பியிருக்கிறது. இலை, பட்டை, கட்டை, வேர், விதை என்று எல்லா இடத்திலும் விஷம். நன்றாகப் பழுத்த பழத்தின் சதையில் மட்டும் அது குறைந்துவிடும். பழத்தைத் தின்று விதையைத் தூரத்தில் கொண்டுபோய்ப் போடப் பறவைகள் வேண்டுமே!

இந்த விஷத்தின் பெயர் ஊபாயின். சோமாலி மக்கள் அம்பு விஷத்துக்கு வைத்திருந்த பெயரிலிருந்து வந்தது. 1888இல் லியோன் ஆல்பெர் அர்னோ என்ற பிரெஞ்சு வேதியியலாளர் இந்தச் செடி வகையின் பட்டையிலிருந்தும் வேரிலிருந்தும் அதைத் தனியாகப் பிரித்தெடுத்தார். அவர் பிரித்தெடுப்பதற்கு எத்தனையோ தலைமுறைக்கு முன்பே கிழக்கு ஆப்பிரிக்க வேட்டைக்காரர்களுக்கு அது நன்றாகத் தெரிந்திருந்தது.

கென்யாவின் கிழக்குப் பகுதியில் வாட்டா என்று ஒரு மக்கள் இருக்கிறார்கள். வில்லும் அம்பும் கொண்டு யானையை வேட்டையாடியவர்கள். யானையை அம்பால் கொல்வதா என்று கேட்கத் தோன்றும். வெறும் அம்பு யானைக்கு ஒரு பொருட்டே இல்லை. ஆனால் அவர்களுடைய வில் ஆளுயரம் இருக்கும். அதை இழுத்து வளைக்கவே தனிப் பலம் வேண்டும். அம்பின் முனைக்குப் பின்னால் கருப்பாகத் தார் போன்ற ஒரு பூச்சு இருக்கும். அம்புச்செடியின் கட்டையையும் வேரையும் மணிக்கணக்கில் கொதிக்கவைத்து, வடிகட்டி, மறுபடியும் சுண்டக் காய்ச்சி எடுத்த பூச்சு அது. காய்ந்து வீரியம் போகாமலிருக்கவும், தவறிப்போய்த் தங்கள் கையில் கீறிவிடாமலிருக்கவும் அதன்மேல் மெல்லிய தோலைச் சுற்றி வைப்பார்கள். வேட்டைக்குப் போகும்போதுதான் அந்த உறை கழலும். விஷம் காய்ச்சுவது எல்லாரும் செய்கிற வேலை இல்லை. அதற்கென்றே தேர்ந்த ஆட்கள் இருந்தார்கள். மற்றவர்கள் அவர்களிடம் வாங்கிக்கொள்வார்கள்.

விஷ அம்பு பட்டுச் செத்த மிருகத்தின் கறியைச் சாப்பிட்டால் சாப்பிட்டவரும் சாக வேண்டாமா? நல்ல கேள்வி. ஊபாயின் ரத்தத்தில் நேராகக் கலந்தால்தான் அதன் முழு வேகத்தையும் காட்டும். வயிற்றுக்குள் போனால் குடல் அதை மிகக் கொஞ்சமாகத்தான் உறிஞ்சும். வேட்டைக்காரர்கள் அம்பு தைத்த இடத்தைச் சுற்றியுள்ள சதையை வெட்டி எறிந்துவிட்டு மீதியைச் சமைத்துச் சாப்பிட்டார்கள். இதைப் படித்துவிட்டு "அப்படியானால் வாயில் போட்டால் ஒன்றும் ஆகாது" என்று யாரும் முடிவுக்கு வந்துவிட வேண்டாம். குறைவாக உறிஞ்சும் என்றுதான் சொன்னேன். அந்தச் செடியில் ஊபாயினோடு வேறு உறவினர் விஷங்களும் இருக்கின்றன.

1948இல் வாட்டா மக்களின் வேட்டைக்காடு த்சாவோ தேசியப் பூங்காவானது. அடுத்த பத்தாண்டில் வேட்டைக்காரர்கள் பலரைப் பிடித்துச் சிறையில் போட்டார்கள். யானையைக் காப்பாற்ற வேண்டும் என்பதில் எனக்கு இரண்டாம் கருத்து இல்லை. ஆனால் அந்தக் காட்டை அங்குலம் அங்குலமாகத் தெரிந்துவைத்திருந்த மனிதர்களை வெளியே நிறுத்திவிட்டுக் காட்டைப் பாதுகாக்கப் புறப்பட்டது புத்திசாலித்தனமாகவும் தெரியவில்லை.

மனிதன் மட்டும்தான் இந்த விஷத்தைக் கடன் வாங்கினான் என்று நினைத்தால் தப்பு. ஒரு எலியும் வாங்கியிருக்கிறது.

அதைக் கொண்டை எலி என்று சொல்லலாம். எலி என்றதும் அரிசி மூட்டைக்குப் பின்னால் ஓடுகிற ஆளை நினைக்காதீர்கள். இது முயல் அளவு இருக்கும். எடை அரைக் கிலோவுக்கு மேல், சில ஒரு கிலோவை நெருங்கும். உடம்பு முழுக்க நீளமான சாம்பல் நிற முடி. பக்கவாட்டில் கருப்பும் வெள்ளையுமாகப் பட்டைகள். பகலில் பொந்திலோ பாறை இடுக்கிலோ தூங்கிவிட்டு இரவில் வெளியே வந்து இலையும் பழமும் தின்னும். விலங்கியலாளர்கள் 1867லேயே இதற்கு லோபியோமிஸ் இம்ஹௌசி என்று பெயர் வைத்துவிட்டார்கள். பெயர் வைத்து நூற்றைம்பது ஆண்டுகள் ஆகியும் இதைப் பற்றி யாருக்கும் அதிகம் தெரியாமலேயே இருந்தது.

இந்த எலியிடம் ஒரு விசித்திரப் பழக்கம் உண்டு. நாயோ சிறுத்தையோ வந்தால் மற்ற எலிகள் ஓடும். இது ஓடாது. ஓடினாலும் வேகமாக ஓட முடியாது. நிதானமாக நடக்கிற பிராணி. முதுகு முடியைச் சிலிர்த்து நிமிர்த்திக்கொள்ளும். அப்போது விலாப் பக்கத்து முடி இரண்டாகப் பிரிந்து நடுவே பழுப்பு நிறத்தில் ஒரு பட்டை தெரியும். அதைச் சுற்றிக் கருப்பு வெள்ளைக் கோடுகள். எலி அந்தப் பக்கத்தையே எதிரிக்குக் காட்டிக்கொண்டு நிற்கும். கடிப்பதாக இருந்தால் இங்கே கடி என்கிற மாதிரி.

கடித்த நாய்களின் கதி என்ன ஆனது என்பதைக் கிழக்கு ஆப்பிரிக்காவில் பலர் பார்த்திருக்கிறார்கள். நாய்க்கு வாயில் நுரை தள்ளும், கால் தடுமாறும்; சில நாய்கள் செத்தே போயின. பிழைத்த நாய் அடுத்த முறை இந்த எலியைக் கண்டால் ஒதுங்கிப் போகும். எலியின் உடம்பிலேயே விஷம் ஊறுகிறதா, அல்லது வெளியிலிருந்து வருகிறதா?

ஜொனாதன் கிங்டன் தான்சானியாவில் பிறந்தவர். ஆப்பிரிக்கப் பாலூட்டிகளைப் பற்றிப் பெரிய பெரிய நூல்கள் எழுதியவர், அவற்றுக்குப் படங்களையும் அவரே வரைந்தவர். அவரும் ஃபிரிட்ஸ் வோல்ரத் உள்ளிட்ட தோழர்களும் சேர்ந்து, காட்டில் பிடிபட்ட ஒரு கொண்டை எலிக்கு அம்புச்செடியின் கிளையையும் வேரையும் கொடுத்துப் பார்த்தார்கள். எலி பட்டையைக் கடித்து உரித்தது. மென்றது. விழுங்கவில்லை. மென்ற சாற்றை எச்சிலோடு சேர்த்துத் தன் விலாப் பட்டை முடியில் நக்கி நக்கிப் பூசிக்கொண்டது. மற்ற இடங்களில் பூசவில்லை. மிகச் சரியாக, எதிரிக்குக் காட்டுகிற அந்தப் பட்டையில் மட்டும்!

அந்த முடியை எடுத்து எலக்ட்ரான் நுண்ணோக்கியில் வைத்தபோது இன்னொரு வியப்பு காத்திருந்தது. சாதாரண முடியின் வெளிப்புறம் மூடியிருக்கும். இந்த முடியின் சுவரோ துளைதுளையாக, வலைப்பின்னலாக இருந்தது. உள்ளே நீளவாக்கில் மெல்லிய இழைகள் கற்றையாக ஓடின. விளக்குத் திரி எண்ணெயை உறிஞ்சுவது போல அந்த இழைகள் விஷச் சாற்றை உள்ளே இழுத்து வைத்துக்கொள்கின்றன. இதைத் தவிர எலியின் தோல் தடிப்பானது, மண்டையோட்டின் மேற்புறம் கெட்டி எலும்பால் மூடப்பட்டது. எனவே எதிரி ஒரு முறை கடித்தாலும் எலி தப்பிவிடும். எதிரிதான் வாய் நிறைய விஷத்தோடு திரும்பிப் போகும்.

2011இல் இந்த ஆய்வு வெளியானபோது உலகம் முழுக்கப் பேசினார்கள். கொல்லும் வீரியமுள்ள விஷத்தை ஒரு செடியிலிருந்து எடுத்துத் தன்மேல் பூசிக்கொள்ளும் பாலூட்டி வேறு எதுவும் அறியப்படவில்லை. முள்ளெலிகள் தேரையின் விஷத்தை மென்று முள்ளில் தடவிக்கொள்வதுண்டு. ஆனால் அது செடி இல்லை.

பேசினார்கள், சரி. ஆனால் நீங்கள் கொஞ்சம் கறாரான ஆளாக இருந்தால் ஒன்றைக் கவனித்திருப்பீர்கள். பூசிக்கொண்டது ஒரே ஒரு எலி. அந்த ஒரு எலிக்கு மட்டும் ஏதாவது விநோதப் புத்தி இருந்தால்? எல்லாக் கொண்டை எலிகளும் இதைச் செய்கின்றன என்று எப்படிச் சொல்வது?

சாரா வைன்ஸ்டீன் என்ற ஆராய்ச்சியாளருக்கும் இதே கேள்விதான். லைக்கிபியாவிலுள்ள ம்பாலா ஆய்வு மையத்தை இருப்பிடமாகக் கொண்டு, கென்யத் தேசிய அருங்காட்சியகங்களின் ஆய்வாளர்களோடு சேர்ந்து அவர் எலி தேடப் புறப்பட்டார். முதலில் காட்டில் தானியங்கிக் கேமராக்களை வைத்தார்கள். எலி அவ்வளவாக அகப்படவில்லை. பிறகு கூண்டு வைத்தார்கள். கூண்டுக்குள் என்ன வைத்தால் வரும்? மீன், அரைத்த நிலக்கடலை, வெனிலா என்று வாசனை தூக்கலாக இருக்கிற சாமான்களை வைத்தார்கள். இலை தின்னும் பிராணிக்கு மீன் எதற்கு என்று கேட்காதீர்கள். எலி வந்தது!

மொத்தம் 25 எலிகள் பிடிபட்டன. யாரும் பயன்படுத்தாமல் விட்டிருந்த ஒரு மாட்டுக் கொட்டிலைச் சரிசெய்து, கூடும் உணவும் வைத்து, கேமராவையும் மாட்டி அவற்றைத் தங்கவைத்தார்கள். ஏறத்தாழ ஆயிரம் மணி நேரப் பதிவு சேர்ந்தது. அவ்வளவையும் உட்கார்ந்து பார்க்க வேண்டும். அறிவியல் வேலை என்றால் சீசாவில் புகை வருவது என்று சினிமாவில் காட்டுகிறார்கள். பாதி நேரம் அது எலி தூங்குவதைப் பார்த்துக்கொண்டிருக்கிற வேலைதான்.

22 எலிகளுக்கு அம்புச்செடிக் கிளை கொடுத்ததில் 10 எலிகள் கடித்து மென்று விலாவில் பூசிக்கொண்டன. சந்தேகம் தீர்ந்தது. இது ஒரு எலியின் விநோதம் இல்லை, அந்த இனத்தின் பழக்கம். பூசிக்கொண்ட பிறகும் அவை வழக்கம்போலவே சாப்பிட்டன, நடமாடின, தூங்கின. இவர்கள் எதிர்பாராத இன்னொன்றும் தெரியவந்தது. ஒரே இடத்தில் அடுத்தடுத்து ஆணும் பெண்ணுமாக எலிகள் பிடிபட்டன. அவற்றைச் சேர்த்து விட்டதும் ஒன்றையொன்று நக்கிச் சுத்தம் செய்தன, பூனை மாதிரி உறுமிக் குலவின. கொண்டை எலி தனிக்கட்டை என்றுதான் அதுவரை நினைத்திருந்தார்கள். அது குடும்பஸ்தன் போலிருக்கிறது. 2020இல் இந்த ஆய்வு வெளிவந்தது.

இப்போது பெரிய கேள்விக்கு வருவோம். யானையைச் சாய்க்கிற விஷத்தை வாயில் போட்டு மெல்லுகிறதே, இந்த எலி ஏன் சாகவில்லை?

அதற்கு முதலில், மற்றவர்கள் ஏன் சாகிறார்கள் என்று பார்க்க வேண்டும். உங்கள் உடம்பில் கோடிக்கணக்கான செல்கள் இருக்கின்றன. ஒவ்வொரு செல்லின் உள்ளேயும் பொட்டாசியம் அதிகம், சோடியம் குறைவு. வெளியே இதற்கு நேர்மாறு. பொட்டாசியம் வெளியே இருப்பதைப் போல ஏறத்தாழ முப்பது மடங்கு உள்ளே இருக்கும். ஆனால் செல்லின் உறையில் கசிவு உண்டு. சோடியம் உள்ளே கசியும், பொட்டாசியம் வெளியே கசியும். சும்மா விட்டால் கொஞ்ச நேரத்தில் இரண்டு பக்கமும் சமமாகிவிடும். சமமானால் ஆபத்து. நரம்பில் செய்தி ஓடாது, தசை சுருங்காது.

அதனால் செல்லின் உறையில் ஒரு புரதம் ஓயாமல் வேலை செய்கிறது. அதற்குச் சோடியம் பொட்டாசியம் பம்பு என்று பெயர். ஒரு சுற்றுக்கு மூன்று சோடியம் அயனிகளை வெளியே தள்ளும், இரண்டு பொட்டாசியம் அயனிகளை உள்ளே இழுக்கும். நீங்கள் இதைப் படித்து முடிப்பதற்குள் எத்தனை கோடிச் சுற்று நடந்திருக்குமோ. நீங்கள் சும்மா படுத்திருக்கும்போது உடம்பு செலவிடுகிற சக்தியில் ஐந்தில் ஒரு பங்காவது இந்த ஒரு வேலைக்கே போகிறது. காலையில் சாப்பிட்ட இட்லியில் ஒன்று இதற்கு என்று கணக்கு வைத்துக்கொள்ளலாம்.

ஊபாயின் செல்லுக்குள் நுழைவதே இல்லை. பம்பின் வெளிமுகத்தில் ஒரு பள்ளம் இருக்கிறது. அதில் போய்ப் பொருந்தி உட்கார்ந்துவிடும். பம்பு நின்றுவிடும். இதயத் தசையில் இது நடந்தால் செல்லுக்குள் சோடியம் சேரும். சோடியம் சேர்ந்தால் கால்சியம் வெளியே போவது தடைப்பட்டு அதுவும் உள்ளே சேரும். கால்சியம்தான் தசையைச் சுருங்கச் சொல்லும் ஆள். கொஞ்சமாகச் சேர்ந்தால் இதயம் வழக்கத்தைவிட வலுவாகச் சுருங்கும். அதனால்தான் ஒரு காலத்தில் மருத்துவர்கள் ஊபாயினையே இதய நோய்க்கு மருந்தாகவும் கொடுத்தார்கள். அளவு மீறினால் துடிப்பு தாறுமாறாகி, இதயம் நின்றுவிடும். மருந்துக்கும் விஷத்துக்கும் இடையே இருக்கிற இடைவெளி இதில் மிகக் குறுகலானது.

இந்தப் பம்பைக் கண்டுபிடித்த கதையிலும் நம் அம்புச்செடியின் விஷத்துக்குப் பங்கு உண்டு. டென்மார்க்கில் ஆர்ஹூஸ் நகரத்துப் பல்கலைக்கழகத்தில் யென்ஸ் ஸ்கோ என்ற மருத்துவர் இருந்தார். மரத்துப்போகச் செய்யும் மருந்துகள் நரம்பில் என்ன செய்கின்றன என்று ஆராய்ந்துகொண்டிருந்தவர், நண்டுக் கால் நரம்புகளை அரைத்துப் பார்த்தபோது ஒரு நொதியைக் கண்டார். சோடியமும் பொட்டாசியமும் இரண்டும் இருந்தால்தான் அது நன்றாக வேலை செய்தது. 1957இல் அதைப் பற்றிக் கட்டுரை எழுதினார். இதுதான் செல்லின் பம்பாக இருக்குமோ என்ற எண்ணம் அவருக்கு இருந்தது, நிரூபணம் இல்லை.

மறு ஆண்டு வியன்னாவில் ஒரு மாநாடு. அங்கே அமெரிக்காவிலிருந்து வந்திருந்த ராபர்ட் போஸ்ட் என்பவரைச் சந்தித்தார். போஸ்ட் சிவப்பணுக்களில் சோடியம் எப்படி வெளியேறுகிறது என்று ஆராய்கிறவர். ஊபாயின் அந்த வெளியேற்றத்தை நிறுத்திவிடும் என்பது அவருக்குத் தெரியும். உங்கள் நொதியை ஊபாயின் நிறுத்துகிறதா என்று ஸ்கோவிடம் கேட்டார். ஸ்கோ திருப்பிக் கேட்டார்: ஊபாயின் என்றால் என்ன? போஸ்ட் விளக்கினார். ஸ்கோ தன் ஆய்வகத்துக்குத் தொலைபேசியில் பேசி, உடனே சோதித்துப் பார்க்கச் சொன்னார். பதில் வந்தது: நிறுத்துகிறது.

பம்பை நிறுத்துகிற அதே விஷம் நொதியையும் நிறுத்துகிறது என்றால், நொதியும் பம்பும் ஒன்றுதான் என்று சொல்ல வலுவான சாட்சி கிடைத்துவிட்டது. ஒன்றுமே தெரியாத இடத்தில் "ஊபாயின் என்றால் என்ன" என்று ஒரு பேராசிரியர் கூச்சப்படாமல் கேட்டாரே, எனக்கு இந்தக் கதையில் மிகவும் பிடித்த இடம் அதுதான். 1997இல் வேதியியல் நோபல் பரிசில் பாதி ஸ்கோவுக்குக் கிடைத்தது. அப்போது அவருக்கு வயது 79.

பம்பு தெரிந்துவிட்டதால் எலியின் ரகசியத்துக்கும் வழி கிடைக்கிறது. விஷம் உட்காரும் பள்ளத்தின் வடிவம் கொஞ்சம் மாறினால் போதும், விஷம் சரியாகப் பொருந்தாது. பம்பு பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும். எலி, சுண்டெலி போன்றவற்றின் உடம்பில் பரவலாக இருக்கும் பம்பில் இப்படிப்பட்ட மாற்றம் ஏற்கெனவே உண்டு. நம் வீட்டு எலிகூட ஊபாயினை மனிதனைவிடப் பல நூறு மடங்கு தாக்குப்பிடிக்கும். அம்பு விஷத்தில் விளையாடக் கொண்டை எலிக்கு அதன் வம்சமே பாதி வழி போட்டுக் கொடுத்திருக்கிறது. போதாததற்கு அது சாற்றை மெல்லுகிறதே தவிர விழுங்குவதில்லை. அதன் இரைப்பையும் பல அறைகளாகப் பிரிந்து, பாக்டீரியாக்கள் நெருக்கமாக வாழும் இடம்.

பள்ளத்தை மாற்றிக்கொள்ளும் தந்திரம் எலிகளின் தனிச் சொத்து இல்லை. எருக்கு வகைச் செடிகளைத் தின்று வளரும் மோனார்க் வண்ணத்துப்பூச்சியும் அதையே செய்திருக்கிறது. அதன் பம்புப் புரதத்தில் மூன்று இடங்களில் மட்டும் அமினோ அமிலம் மாறியிருக்கிறது. 2019இல் கலிஃபோர்னியாவில் ஆராய்ச்சியாளர்கள் அதே மூன்று மாற்றங்களைப் பழ ஈயின் மரபணுவில் செய்து பார்த்தார்கள். எதைக் கொடுத்து அந்த ஈக்களைச் சோதித்தார்கள் தெரியுமா? ஊபாயின்தான். சாதாரண ஈ சாகிற அளவைத் தின்றும் மாற்றிய ஈ உயிரோடிருந்தது.

கென்யாவுக்குப் போய்க் கொண்டை எலியைப் பார்ப்பது நம்மில் பலருக்கு நடக்கிற காரியமில்லை. ஆனால் இதே குடும்பச் செடிகளும், இதே பம்பைத் தாக்குகிற விஷங்களும் உங்கள் தெருவிலேயே இருக்கின்றன. செடியைத் தொடாமல், பாலைக் கையில் படவிடாமல், பார்க்க மட்டும் செய்யுங்கள். எருக்கு இலையில் கருப்பு, வெள்ளை, மஞ்சள் வரிகளோடு ஒரு புழு இருந்தால் அது வெந்தய வரியன் வண்ணத்துப்பூச்சியின் புழு. மோனார்க்கின் நெருங்கிய உறவு. ஆப்பிரிக்கா முழுவதும்கூட இது பறக்கிறது. அரளி இலையின் அடியில் வெள்ளிக்கண்ணாடி போல மின்னுகிற கூட்டுப்புழுவைப் பார்த்தால் அது வெண்புள்ளிக் கருப்பன். அரளியின் விஷத்தைத் தின்று வளர்ந்த இதன் பம்பில் அந்த மாற்றம் எதுவும் இல்லை. பள்ளம் நம்முடையதைப் போலவே விஷத்துக்குத் திறந்துதான் கிடக்கிறது. இதன் புழு வேறு வழி வைத்திருக்கிறது: தின்ற விஷத்தைக் குடலைத் தாண்டி உடம்புக்குள் விடுவதே இல்லை, அப்படியே எச்சத்தோடு வெளியே தள்ளிவிடுகிறது.